பாட்டுக்காரிக்கு மொழிபெயர்த்த கிழமை

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே முகத்தில் சூடு அறைகிறது. கொடியில் போட்ட துணி பத்து நிமிடத்தில் காய்ந்து விறைத்துவிட்டது.

செய்ய வேண்டியவை: பல் வைத்தியர் (கீழ் வலது). அண்ணன் மனைவி மச்சாளின் முழங்காலுக்குத் தைலம். மகளுக்குக் கருவாடு, மணம் வெளியே வராத பை. விசா முடிய இன்னும் பதினாறு நாள். பிறந்த ஊரில் இருந்துகொண்டு விசா நாள் எண்ணுகிறேன்.

மத்தியானம் தர்ஷினி பள்ளியிலிருந்து வியர்க்க வியர்க்க வந்தாள். அண்ணனின் மகள். ஆங்கிலம் படிப்பிக்கிறாள், பாடகர் குழுவும் அவள் பொறுப்பு.

"மாமி, நிலாவெளி ஹோட்டலில ஒரு ஜெர்மன்காரி வந்து நிக்கிறா. ஒப்பரா பாடுறவ. பெரிய ஆளாம். சனிக்கிழமை எங்கட மண்டபத்தில பாட ஓமெண்டிட்டா!"

"நல்லது."

"அவவுக்கு இங்கிலிஷ் பெரிசா ஓடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் ஜெர்மனில கதை சொல்லுவாவாம். நீங்கள்தான் தமிழில சொல்லோணும். அதிபரிட்டயும் சொல்லிட்டன்."

போனில் படம் காட்டினாள். தலை முழுக்க வெள்ளை இப்போது. கழுத்து தளர்ந்திருக்கிறது. சிரிப்பு மட்டும் அப்படியே.

அவளேதான்.

குசினிக்குப் போய் நின்றபடி இரண்டு குவளை தண்ணீர் குடித்தேன். அண்ணனின் குரல் அங்கேயும் கேட்டது: "ஜெர்மனியில ஒஃபிஸில இருக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையே!"

பெயரை இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். பாட்டுக்காரி. பா.கா. அது போதும்.

ஓகஸ்ட் 6, புதன்

காற்று நிற்கவில்லை. பல் வலி. வைத்தியர் வெள்ளிக்கிழமை இல்லையாம், போயா, பௌர்ணமி விடுமுறை. அடுத்த கிழமை வரச் சொன்னார்.

கொப்பியை யாரும் பார்ப்பதில்லை, எழுதிவிடுகிறேன். பதினொரு வருடம் பா.கா.வின் வீட்டைத் துப்புரவாக்கினேன். செவ்வாயும் வெள்ளியும். மூன்று மாடி, நாற்பத்திரண்டு படி, இரண்டு பியானோ. பியானோவில் ஈரத்துணி படக்கூடாது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவள் பயிற்சி செய்வாள், அப்போது தூசு இழுக்கிற மெஷின் போடக்கூடாது. அந்த இரண்டு மணித்தியாலமும் சத்தம் வராத வேலைகள். யன்னல் கண்ணாடி, வெள்ளிக் கரண்டி, இஸ்திரி. அதனால் அவள் பாட்டெல்லாம் எனக்கு வேலையாகத்தான் தெரியும். இது யன்னல் பாட்டு. இது கரண்டிப் பாட்டு. இஸ்திரிப் பாட்டு மிக நீளம், ஏழு சேர்ட் முடியும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளி. அவளது முத்துத் தோட்டைக் காணவில்லை. வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவள் நான் ஒருத்தி. கைப்பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். பஸ் ரிக்கற், சோற்றுப் பெட்டி, தலைவலி மாத்திரை, மகளின் படம். "நான் பொலிசுக்குப் போகவில்லை. அதற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்றாள். சொன்னேன். நன்றி என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் தின்றது அந்த ஒரு சொல்தான்.

வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பனிக்கு எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு என்னை எந்த வீட்டுக்கும் அனுப்பவில்லை. ரயில் நிலையக் கழிவறை. விடிகாலை நாலு மணி. இன்றுவரை அதுதான்.

இங்கே ஒருவருக்கும் தெரியாது. போன புதிதில் "வயோதிபர் இல்லத்தில் வேலை" என்று கடிதம் போட்டேன். உண்மைதான், அங்கே நிலம் துடைத்தேன். அண்ணன் அதை ஒஃபிஸ் ஆக்கினார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க், அவருக்கு வேலை என்றால் மேசையும் பேனையும். நான் திருத்தவில்லை. திருத்தாமல் முப்பத்தொரு வருடம்.

காலையில் நழுவப் பார்த்தேன். "சனிக்கிழமை வெருகல் கோயில்ல எனக்கு ஒரு நேர்த்தி இருக்கு, தர்ஷினி."

"ஞாயிறு போவம் மாமி, நானே கூட்டிக்கொண்டு போறன். அழைப்பிதழில உங்கட பேரும் அடிச்சாச்சு."

காட்டினாள். மொழிபெயர்ப்பு: திருமதி யோகராணி, ஜெர்மனி. வாழ்நாளில் என் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் இவளுக்குக் கீழே.

ஓகஸ்ட் 7, வியாழன்

நிலாவெளி. ஹோட்டல் வான் வந்து தர்ஷினியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனது. குளிரூட்டி அதிகம், பல் கூசியது.

கடலைப் பார்த்த கதிரையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, "யோகா! என் யோகா!" என்று கட்டிப்பிடித்தாள். அதே லவெண்டர் சவர்க்காரம். அந்த மணத்துக்கு என் முதுகு தானாகக் குனிந்தது. நிமிர்த்தினேன்.

"நீ தந்த கலண்டர் ஞாபகமா? துறைமுகப் படம்! அது இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இங்கே வரவேண்டும் என்று தோன்றியது."

ஆக, இவளை இங்கே கூட்டிவந்ததும் நான்தான்.

தர்ஷினிக்கு ஜெர்மன் தெரியாது. வாயைத் திறந்தபடி நின்றாள். "மாமி, தெரிஞ்சவவோ?"

"ஓம். முந்தி வேலை இடத்துப் பழக்கம்." பொய் இல்லை.

பா.கா. என்னை நீ என்கிறாள், நான் அவளை நீங்கள் என்கிறேன். பதினொரு வருடமும் அப்படித்தான், இன்றும் நாக்கு அப்படியே போனது. எலுமிச்சைச் சாறு வந்தது. பாட்டுகளின் பட்டியலைத் தந்தாள், விளக்கினாள், நடுவில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் கையைத் தட்டினாள்.

"அட, அந்தத் தோடு! கிடைத்துவிட்டது, தெரியுமா? அதே குளிர்காலத்தில். மேடைச் சப்பாத்தின் முனைக்குள். பயணத்துக்காக நானே ஒளித்து வைத்திருக்கிறேன்! உனக்கு எழுத நினைத்தேன். பிறகு நாள் போய்விட்டது."

சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டும் என்று பார்த்தாள்.

"நல்லது" என்றேன்.

"என்ன மாமி சொல்லுறா?" தர்ஷினி.

"ஏதோ சப்பாத்துக் கதை."

திரும்பி வரும்போது வானில் கண்ணை மூடியிருந்தேன். உப்புவெளி தாண்டியது தெரியாது. தோடு கிடைத்த குளிர்காலத்தில் நான் முதல் தடவை உறைபனியில் விழுந்து மணிக்கட்டு முறித்தேன், நாலு மணி வேலைக்கு ஓடும்போது. அப்போது தோடு அவள் காதில் இருந்திருக்கிறது.

மச்சாள்: "ஏன் சாப்பிடேல்ல?" பல் என்றேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி, போயா

மண்டபத்தில் ஒத்திகை. யன்னலால் உள் துறைமுகம் தெரிகிறது, ஒரு சரக்குக் கப்பல் மூன்று நாளாக அதே இடத்தில். பியானோவில் நாலு கட்டை அழுத்தினால் எழும்புவதில்லை. பா.கா.வோடு வந்த பியானோக்காரர் மெலிந்த, பேசாத மனிதர். ஒவ்வொரு தடவையும் விரலால் கிள்ளித் தூக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

பா.கா. மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னாள், சத்தமாம். பிள்ளைகள் இருபத்தைந்து பேர் வேகிறார்கள். ஊருக்குள் திரிகிற மான் இரண்டு வாசலில் வந்து நின்றன. "அழகு! அழகு!" என்று படம் எடுத்தாள். மான்கள் யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் பொலித்தீனைத் தின்றுகொண்டிருந்தன.

ஒன்று கண்டுபிடித்தேன். யன்னல் பாட்டை இரண்டு படி கீழே இறக்கியிருக்கிறாள். முடிவில் மேலே ஏறும் இடத்தில் ஏறாமல் வளைத்துக் கொண்டுபோய் முடிக்கிறாள். முன்பு அந்த இடத்தில் கண்ணாடியில் என் விரல் அதிரும். குரல் போய்விட்டது. இந்த ஊரில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. பின்னேரம் முழுக்க அந்தச் சந்தோஷத்தோடு திரிந்தேன். வெட்கமில்லை, எழுதுகிறேன்.

ஒத்திகை முடிந்து அவள்: "கடைசிப் பாட்டுக்கு முன் உன்னைப் பற்றி ஒரு சின்னக் கதை சொல்லப் போகிறேன். என் வீட்டில் வேலை செய்த பெண் இந்த ஊர் என்று. சனங்களுக்குப் பிடிக்கும்."

"வேண்டாம். என் குடும்பத்துக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"நான் வீடு கூட்டினது."

புருவத்தைத் தூக்கினாள். "வேலை செய்வதில் என்ன வெட்கம், யோகா? நீ பெருமைப்பட வேண்டும்."

"தயவுசெய்து."

"நீ எப்போதும் உன்னைச் சிறிதாக்கிக்கொள்வாய்" என்று என் கன்னத்தைத் தொட்டாள். வான் வந்தது. போய்விட்டாள்.

ஓகஸ்ட் 9, சனி

சேலை: கடும் நீலம். வலி மாத்திரை இரண்டு. ஐந்தரைக்கு ஓட்டோ. அண்ணன் காலையிலேயே சேர்ட் மினுக்கி வைத்துவிட்டார், முன்வரிசையாம். அவரை வரவேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு, காலை

நேற்று இரவு எழுத ஏலவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பெற்றோர், ஆசிரியர்மார், மூதூரிலிருந்து வான் பிடித்து வந்த குடும்பங்கள். மின்விசிறி நிறுத்தியதும் அழைப்பிதழெல்லாம் விசிறியானது. நான் மேடையில் ஓரமாக, மைக்கோடு. முன்வரிசையில் அண்ணன் முதுகு நிமிர்த்தி இருந்தார்.

முதல் பாட்டு. பின்னால் ஒரு ஆண் குரல்: "என்னடாப்பா, பல்லுப் பிடுங்கிற மாதிரிக் கத்துறா." இன்னொருவர்: "உஸ். அது மேல் ஸ்தாயி." பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு நல்லாயிருந்தது. இன்னும் சிரியுங்கள் என்றிருந்தது.

பிறகு கரண்டிப் பாட்டு. மைக் இல்லாமல் பாடுகிறாள், கடைசி வரிசைக் கதிரை வரைக்கும் போகிறது. மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. பாட்டு மெதுவாக இறங்கி ஒரு இடத்தில் மூச்சுப்போல ஆகும், அந்த இடத்தில் மண்டபத்தில் ஒரு தாள் அசையவில்லை. என் கை மயிர் சிலிர்த்தது. சேலைத் தலைப்பால் கையை மூடினேன். இவளிடம் இது இன்னும் இருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவளுக்குக் குரலும் கெட்டிருந்தால் எவ்வளவு சுகம்.

ஒவ்வொரு விளக்கத்தையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். காதலன் போருக்குப் போனான், பெண் ஆற்றங்கரையில் நின்றாள், அந்த மாதிரி. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"இந்த ஊரிலிருந்து ஒரு பெண் பதினொரு வருடம் என் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்."

மொழிபெயர்த்தேன். யாரோ ஒருத்தி என்பதுபோல.

"அவள்தான் இந்தத் துறைமுகத்தைப் பற்றி எனக்குச் சொன்னாள்."

மொழிபெயர்த்தேன்.

"அவள் இதோ, உங்கள் முன்னால் நிற்கிறாள். யோகா!"

கை தட்டத் தொடங்கினாள், தனியாக. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணனைப் பார்க்கவில்லை. அப்போதும் விட்டிருப்பேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் அவள் நெஞ்சில் கை வைத்து இன்னொன்றும் சொன்னாள்:

"அவள் எனக்கு வேலைக்காரி அல்ல. குடும்பத்தில் ஒருத்தி."

மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தேன்.

"நான் இவவின்ர குடும்பத்தில ஒருத்தியாம், சொல்லுறா. நான் இவவின்ர வீடு கூட்டினனான். பதினொரு வருசம். பிறகு முத்துத் தோட்டைக் காணேல்லை எண்டு என்ர பையைக் கொட்டச் சொன்னவ. கள்ளி எண்டு கம்பனிக்கு எழுதினவ. நான் இண்டைக்கு ரயில் ஸ்ரேசனில கக்கூஸ் கழுவுறன்."

கப்பல் பக்கமிருந்து ஏதோ சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பா.கா. சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

மூன்றாம் வரிசையில் மூதூரிலிருந்து வந்த ஒரு தாய், மடியில் சின்னப் பிள்ளை, பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோலக் கேட்டா: "தோடு பிறகு கிடைச்சதோ?"

"கிடைச்சது. இவவின்ர சப்பாத்துக்குள்ள. தானே வச்சவவாம். ஆறு வருசமா எனக்குச் சொல்லேல்லை. முந்தநாள்தான், ஜூஸ் குடிக்கேக்க சொன்னவ."

"அட கோதாரி!" யாரோ. ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு, அதற்குள் கைதட்டலும். பா.கா. தன் கதை பிடித்துவிட்டது என்று நினைத்தாள். நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினாள். இன்னும் சிரித்தார்கள். இன்னும் குனிந்தாள்.

அப்புறம் யன்னல் பாட்டைப் பாடினாள். சந்தோஷத்திலோ என்னவோ, இறக்கி வைத்ததை மறந்து முடிவில் பழைய உயரத்துக்கே போனாள். குரல் நடுவில் கீறியது. நிற்கவில்லை, கீறலோடேயே மேலே போய்ப் பிடித்தாள். எழும்பி நின்று கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் தர்ஷினி. கண் சிவந்து.

"ஏன் மாமி இப்படிச் செய்தனீங்கள்? மூண்டு மாசமா இந்தப் பிள்ளையளைப் பழக்கினனான். இனி ஊரில உங்கட தோட்டுக் கதைதான் நிக்கும். அவையள் பாடினது ஒருத்தருக்கும் ஞாபகம் இராது."

சரியாகத்தான் சொன்னாள். பிள்ளைகள் நல்லாகத்தான் பாடினார்கள், இங்கே எழுதவும் மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றாமலே அண்ணன் கேட்டார்:

"முப்பத்தொரு வருசமும் பொய்யோ?"

"ஒஃபிஸ் எண்டு சொன்னது நீங்கள். நான் இல்லை எண்டு சொல்லேல்லை."

"நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

"தெரியும். அதாலதான் சொல்லேல்லை."

அறைக்குள் போய்விட்டார். மச்சாள் சோறு போட்டுத் தந்தா. "எரிஞ்சு போட்டார், ஆறுவார்" என்றா. பிறகு மெல்ல: "மணிக்கட்டு முறிஞ்சதும் அந்த வேலையாலதானோ?" ஓம் என்றேன். தலையில் கை வைத்துவிட்டுப் போனா.

இன்று வெருகல் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம். தர்ஷினி இன்னும் முகம் தரவில்லை. பள்ளிக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டுமாம்.

பத்து மணிக்கு ஹோட்டல் வான். பா.கா. தனியாக. மேடையில் நான் சொன்னதை யாரோ போனில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், ஹோட்டல் மனேஜர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். முகத்தில் பூச்சு இல்லை, உதட்டுச் சாயம் மட்டும். எங்கள் உவர்மலை ஏற்றத்தில் வான் ஏறாததால் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மச்சாள் கதிரை போட்டுத் தேத்தண்ணி வைத்தா. அண்ணன் பேப்பரோடு எதிரே இருந்தார், பக்கம் திருப்பவில்லை.

"அத்தனை பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தினாய். எனக்குத் தெரியாத மொழியில்."

"நீ எனக்குத் தெரியாமல் கம்பனிக்கு எழுதினாய்" என்றேன். நீ என்றேன். வாயில் தடக்கவில்லை.

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். பிறகு சொன்னாள்: அந்தக் குளிர்காலம் தொண்டையில் சத்திரசிகிச்சை. இனிப் பாட முடியாது என்று வைத்தியர் சொன்ன கிழமையில்தான் சப்பாத்தை எடுத்தாளாம். வெட்கமாக இருந்ததாம். ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போட்டாளாம், தள்ளத் தள்ள எழுதுவது கஷ்டமாகிவிட்டதாம். "அன்று ஹோட்டலில் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்."

நம்பினேன். நம்பியதால் மனப்பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

"நான் வருந்துகிறேன். உன் அண்ணனுக்கும் அதைச் சொல்."

"அதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

அவளே அண்ணன் பக்கம் திரும்பி, உடைந்த ஆங்கிலத்தில், உங்கள் தங்கை திருடவில்லை, பிழை என்னுடையது என்றாள்.

அண்ணன் பேப்பரை மடித்தார். "அது எனக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை" என்றார், துறைமுகத்துக் கிளார்க் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. என்னைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய்த் தாளும் பேனையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"கம்பனிக்கு எழுது."

"ஆறு வருடமாகிவிட்டது, யோகா. அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ."

"அப்போது எழுதினாய். இப்போதும் எழுது. நான் சொல்லச் சொல்ல."

எழுதினாள். நான் நின்றபடி சொன்னேன். காணாமல் போனது என்ன, எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, யார் வைத்தது. "தவறுதலாக" என்று ஒரு சொல் சேர்த்தாள். வெட்டச் சொன்னேன். வெட்டினாள்.

அண்ணன் எழும்பி வந்து தாளை வாங்கினார். ஒரு எழுத்து விளங்காது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"திகதி போடேல்லை. போடச் சொல்லு. கையொப்பத்துக்குக் கீழ முழுப் பேர். விலாசம். இன்னொரு பிரதியும் எழுதட்டும், அதிலயும் கையொப்பம் வேணும்."

இதை மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை.

இரண்டாம் பிரதி முடிய பதினொன்றரை. படலையடியில் நின்று கேட்டாள்: "இப்போது நமக்குள் எல்லாம் சரிதானே?"

"இல்லை" என்றேன்.

வான் போனது. திரும்பி வர, மச்சாள் எழும்ப முதல் அண்ணன் பா.கா.வின் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். குழாய் திறந்த சத்தம். அவர் கோப்பை கழுவி நான் கண்டதில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தபடி என்னைத் தாண்டிப் போனார்.

போய்ப் பார்த்தேன். விளிம்பில் உதட்டுச் சாயம் அப்படியே இருந்தது. நான் திரும்பக் கழுவவில்லை.